நடந்து பார்த்து வாங்க வேண்டிய சைக்கிள் ஷூ

போன ஆடி மாதம் ஒரு ஆசிரியர் வலது மணிக்கட்டு வீங்கிப்போய் என்னிடம் வந்தார். உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து இராமநாதபுரத்துக்குத் தினமும் சைக்கிளில் வந்து போகிறவர். ரோட்டில்தான் விழுந்திருப்பார் என்று நினைத்தேன். இல்லை, விழுந்தது பள்ளிக்கூட வராந்தாவில். "வண்டில ஒரு தடவைகூட விழல சார். இறங்கி டைல்ஸ்ல நாலு எட்டு வச்சேன், சர்ருன்னு இழுத்துட்டுப் போயிருச்சு" என்றார்.

பையிலிருந்த ஷூவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் மூன்று திருகு போட்டு முடுக்கிய பெரிய பிளாஸ்டிக் க்ளீட், அதாவது பெடலில் பூட்டிக்கொள்ளும் துண்டு, ஷூவின் அடிப்பாகத்தைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்தது. தரையில் வைத்தால் விரல் பக்கம் மேலே தூக்கி நின்றது. அது பந்தயக்காரர்களுக்கான ஷூ. வீட்டு வாசலில் வண்டி ஏறி, திரும்ப அதே வாசலில் வந்து இறங்குகிறவர்களுக்குச் சரி. இவர் ஒரு நாளில் சைக்கிளில் இருப்பது இரண்டு மணி நேரம்கூட இல்லை. வகுப்பில் நிற்பதும் மாடிப்படி ஏறுவதும் ஏழு மணி நேரம்.

பிசியோதெரபி பார்க்கிறவன் என்ற முறையிலும், இந்தக் கடற்கரை ரோட்டில் பல வருஷமாகச் சைக்கிள் ஓட்டுகிறவன் என்ற முறையிலும் சொல்கிறேன். வேலைக்குப் போக ஷூ வாங்கும்போது, அது எப்படி மிதிக்கிறது என்பதை அப்புறம் பாருங்கள். எப்படி நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் இந்த வகைப் பெடலுக்கு 'க்ளிப்லெஸ்', அதாவது கிளிப் இல்லாதது, என்று பேர். பழைய பந்தய சைக்கிள்களின் பெடலில் கால் விரலை நுழைக்க ஒரு கூடும், இழுத்துக் கட்ட ஒரு வாரும் இருக்கும். அந்தக் கூட்டுக்குத்தான் கிளிப் என்று பேர். அது இல்லாத பெடல் என்பதால் க்ளிப்லெஸ். ஆனால் ஷூவின் அடியில் உள்ள க்ளீட் பெடலில் 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் விட்டுவிடும். பனிச்சறுக்குக் காலணிப் பூட்டுகள் செய்துவந்த பிரான்ஸின் லுக் நிறுவனம் 1984இல் இதைச் சாலைப் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்ததுதான் மூன்று திருகு வகை. ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி என்ற பெடல் வகை 1990இல் வந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் அல்லவா, அவர்களுக்காகச் செய்தது. இதில் இரண்டே திருகு, சின்ன உலோக க்ளீட், அதுவும் ரப்பர் அடிக்குள் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வேலைக்குப் போகிறவருக்கு இந்த இரண்டு திருகு வகைதான். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

பள்ளம் இருக்கிறது என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். க்ளீட் ஷூவோடு வராது, பெடல் டப்பாவில்தான் வரும். பல ஷூக்களில் திருகுத் துளைகளை ரப்பர் மூடி மறைத்திருக்கும். அதை எடுத்து, க்ளீட்டை மாட்டி, ஷூவைக் கண்ணாடி மேசைமேல் வைத்துக் கீழிருந்து பாருங்கள். க்ளீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். அப்புறம் மாட்டிக்கொண்டு டைல்ஸில் நடங்கள். 'கடக் கடக்' என்று ஒவ்வொரு எட்டுக்கும் சத்தம் கேட்டால், அந்த உலோகம்தான் உங்களைத் தாங்குகிறது என்று அர்த்தம். ஈரத் தரையில் அது நிற்காது.

அடுத்து அடியின் விறைப்பு. குதியை ஒரு கையிலும் முனையை ஒரு கையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் கொஞ்சம் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் வளையக் கூடாது. பலகை மாதிரி எங்குமே வளையாத ஷூவில் நடந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் குதி வெளியே எழும்பும், ஒரே வாரத்தில் பின்னங்கால் தோல் உரிந்துவிடும். ரொம்பக் கொழகொழவென்று இருந்தாலும் ஆகாது. ரப்பர் செருப்பில் தூரம் ஓட்டுகிறவர்களுக்கு நடுப்பாதம் வலிப்பது ஏன் தெரியுமா? செருப்பு பெடலைச் சுற்றி வளைந்துகொள்கிறது, முழு அழுத்தமும் ஒரே கோட்டில் விழுகிறது.

அளவு விஷயத்தில் நம் ஊர்க் கால்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து வெறுங்காலோடும் செருப்போடும் நடந்த பாதம் முன்பக்கம் நன்றாக விரிந்திருக்கும். சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை ஒடுக்கமானவை. நம்பரை மட்டும் பார்த்து ஆன்லைனில் வாங்கினால் சுண்டுவிரல் நசுங்கும். வெயிலில் ஓட்டினால் பாதம் வீங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சாயங்காலம், வேலை முடிந்து வந்தபிறகு, ஒரு வெள்ளைத்தாளில் எழுந்து நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். ஷூவின் உள்மெத்தையை உருவி அந்த வரைபடத்தின்மேல் வையுங்கள். பென்சில் கோடு மெத்தைக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் கனம் இடம் இருக்கட்டும். இறுக்கம் தாங்காமல் பாதத்தின் முன்பகுதி நெருப்பாய் எரிகிறது என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. அகலமான ஷூவும், க்ளீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைப்பதும் போதும்.

க்ளீட்டை எங்கே வைப்பது? பெருவிரலுக்குப் பின்னால் பாதத்தில் புடைத்திருக்கும் எலும்பைத் தொட்டுப் பாருங்கள். பெடலின் அச்சு அதற்குச் சற்றுப் பின்னால் வரும்படி வையுங்கள். கோணம் தெரிய, உயரமான மேசையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். இயல்பாகப் பாதம் வெளிப்பக்கம் திரும்பி நின்றால் க்ளீட்டும் அப்படியே நிற்கட்டும். நேராக நிறுத்துகிறேன் என்று முறுக்கி வைத்தால் அந்த முறுக்கு முழங்காலுக்குத்தான் போகும். புதிதாக க்ளிப்லெஸ் மாற்றிய ஒரு மாதத்துக்குள் முழங்கால் பக்கவாட்டில் வலித்தால், மூட்டுக்கு ஸ்கேன் எடுக்கும் முன் க்ளீட்டின் கோணத்தைப் பாருங்கள்.

இனி நம் கரைக்கே உரிய மூன்று: மணல், உப்பு, முள். பெரிய கண் வலைத்துணி ஷூ காற்றோட்டமாக இருக்கும் என்று கடையில் சொல்வார்கள். தனுஷ்கோடி ரோட்டிலும் மண்டபம் பக்கமும் காற்றில் பறக்கும் மணல் அந்தக் கண் வழியாகத்தான் உள்ளே போகும். சாக்ஸுக்குள் போன மணல் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நெருக்கமான நெசவு போதும். சுழற்றி இறுக்கும் டயல் வகையில் மணல் சிக்கினால் சிரமம். கயிறு அல்லது ஒட்டுப்பட்டைதான் நமக்குத் தோது. கயிற்று நுனியை மட்டும் செருகிவிடுங்கள், செயினில் மாட்டும். க்ளிப்லெஸ் பெடலுக்கேற்ற செருப்பு வகையையும் ஷிமானோ செய்திருக்கிறது. உள்ளே போன மணல் தானே கொட்டிவிடும், ஈரம் நிற்காது. பாதத்தில் உணர்ச்சி சரியாக இருப்பவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

உப்புக்காற்றில் க்ளீட் திருகுகள் துருப்பிடித்து இறுகிவிடும். மாட்டும்போதே மரையில் கிரீஸ் தடவுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் அடிப்பாகத்தின் ஒட்டு விட்டுப்போகும். முள்ளைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? சீமைக்கருவேல முள் டயரைத் துளைக்கிற மாதிரியே மென்மையான ரப்பர் அடியையும் துளைக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் தினமும் ஷூவுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துத்தான் போட வேண்டும். அவர்கள் பாதப் பரிசோதனை செய்துகொள்ளாமல் இந்த ஷூ பக்கமே போக வேண்டாம் என்பது என் கண்டிப்பான பேச்சு.

பழக்கத்துக்கு வருவோம். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் பூட்டாகவும் இருக்கும் பெடல் வாங்குங்கள். கடைக்குச் செருப்போடு போக அது உதவும். பெடலில் உள்ள சின்னத் திருகைத் தளர்த்தி, பூட்டு லேசாக விடும்படி வையுங்கள். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2.3 கிலோமீட்டர் நீளம். ஆனி, ஆடியில் தென்கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும். போதாததற்கு, 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்க முன்னால் போகும் கார்கள் திடீரென்று நிற்கும். பாலம் ஏறுமுன்பே இடது காலைப் பூட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று, நான் பட்டது. புது ஷூ போட்டு மூன்றாவது வாரம், ரயில்வே கேட் சாத்தியிருந்தது. நிறுத்திக் குதியைத் திருப்பினேன். கால் திரும்பியது, க்ளீட் திரும்பவில்லை. நின்ற நிலையில் அப்படியே சாய்ந்து முழங்கை தரையில் மோதியது. பிறகு பார்த்தால் இரண்டு திருகில் ஒன்று எங்கோ விழுந்திருந்தது. மிஞ்சிய ஒற்றைத் திருகில் ஷூ மட்டும் சுழன்றிருக்கிறது. முதல் வாரம் முடிந்ததும் நாலு எம்எம் ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) இரண்டு திருகையும் முடுக்கிப் பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை. அந்த அளவு ஆலன் கீ ஒன்று எப்போதும் சீட்டுக்கடியில் உள்ள பையில் கிடக்கட்டும்.