பெட்டியில் போட்டிருக்கும் வயதை மட்டும் பார்த்து ஆட்டம் வாங்காதீர்கள்

என் ஆலோசனை அறையில் ஒரு அலமாரி முழுக்க ஆட்டப் பெட்டிகள்தான். பிள்ளையின் நடத்தை பற்றிக் கவலையோடு வரும் குடும்பத்தை முதல் நாளே கேள்வி கேட்டுக் குடைய எனக்குப் பிடிக்காது. "இதில் ஏதாவது ஒன்றை எடுத்து விளையாடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். யார் விதி சொல்கிறார், யார் யாருடைய காயை நகர்த்துகிறார், தோற்கும்போது யார் முகம் முதலில் மாறுகிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். (முதலில் மாறுவது பல சமயம் அப்பாவின் முகம்!)

ஒருமுறை ஏழு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. "எதிலும் அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டேங்கிறான்" என்பது புகார். அப்பா ஒரு பெரிய வியாபார ஆட்டத்தை எடுத்தார். விதிப் புத்தகத்தைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொரு நிமிடம். அதற்குள் பையன் காய்களை அடுக்கிக் கோபுரம் கட்டி, அதை இரண்டு முறை இடித்தும்விட்டான். ஆட்டம் தொடங்கியது. பன்னிரண்டு வயது அக்கா ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்து ஆடினாள். அம்மா அப்பாவிடம் விதி கேட்டார். ஒரு சுற்று முடிய ஆறு நிமிடம் ஆனது. அதில் பையனின் பங்கு பகடையை உருட்டிக் காயை நகர்த்தியது, ஏறக்குறைய இருபது விநாடி. மூன்றாம் சுற்றில் மேசைக்கு அடியில் போய்விட்டான்.

அவன் உட்காரவில்லை என்பது உண்மைதான். உட்கார்ந்து செய்ய அவனுக்கு அங்கே என்ன இருந்தது?

அடுத்த வாரம் அதே நால்வருக்கும் டாபிள் சீட்டுகளைக் கொடுத்தேன். மொத்தம் 55 வட்டச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் எட்டுப் படங்கள். எந்த இரண்டு சீட்டை எடுத்தாலும் சரியாக ஒரே ஒரு படம் பொதுவாக இருக்கும். அதை முதலில் பார்த்துச் சொல்பவருக்குச் சீட்டு. விதி சொல்ல ஒரு நிமிடம் போதும். முறை என்பதே கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். பையன் பதினெட்டு நிமிடம் அசையவில்லை. அப்பாவை இரண்டு முறை நேர்மையாகவே தோற்கடித்தான்.

ஆட்டம் வாங்கும் முன் நான் பெற்றோரைப் போடச் சொல்லும் கணக்கு இதுதான்: உங்கள் வீட்டில் பொறுமை மிகக் குறைந்தவர், தன் முறை வர எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டியிருக்கும்? ஐந்து பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் எடுத்தாலே நான்கு நிமிடம். சின்னப் பிள்ளைக்கு அது அதிகம். இதைவிட மோசம், தோற்றவரை வெளியே அனுப்பிவிட்டு மற்றவர்கள் முக்கால் மணி நேரம் ஆடும் ஆட்டங்கள். வெளியே போகிறவர் பெரும்பாலும் வயதில் சிறியவர்தான். அப்புறம் அவர் டிவி பக்கம் போனால் கோபித்துக்கொள்கிறோம்.

பெட்டி மேல் உள்ள வயது இந்தக் கணக்கைச் சொல்லாது. மூன்று வயதுக்குக் கீழ் கூடாது என்ற எச்சரிக்கையை மட்டும் அப்படியே நம்புங்கள், அது சின்னக் காய் தொண்டையில் சிக்கும் ஆபத்துக்காக. பட்டன் பேட்டரி உள்ள ஆட்டம் என்றால் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மற்ற எண்கள் ஒரு தோராயம்தான். 12 வயது வரையுள்ளவர்களுக்கான பொருளுக்கு அமெரிக்காவில் தனிப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். அந்தச் செலவுக்குப் பயந்தே எளிய ஆட்டத்துக்கும் 14+ என்று போட்டுவிடும் சிறு தயாரிப்பாளர்கள் உண்டு.

அடுத்தது அதிர்ஷ்டம். பாம்பு ஏணியில் ஆடுபவர் எடுக்கும் முடிவு ஒன்றுகூட இல்லை, பகடைதான் ஆடுகிறது. செஸ்ஸில் அதிர்ஷ்டமே இல்லை. பத்து வயது வித்தியாசம் உள்ள இருவர் செஸ் ஆடினால் முடிவு பெரும்பாலும் முதலிலேயே தெரியும். கலந்த வயதுள்ள வீட்டுக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ளவை பொருந்தும். நிறமும் வடிவமும் பார்த்துச் சேர்க்கும் குவிர்க்கிள், ரயில் பாதை பிடிக்கும் டிக்கெட் டு ரைடு போன்றவை. கவிழ்த்து வைத்த சீட்டுகளில் ஜோடி தேடும் ஞாபக ஆட்டத்தில் சின்னப் பிள்ளைகளிடம் பெரியவர்கள் நிஜமாகவே திணறுவதும் உண்டு. தயவுசெய்து விட்டுக்கொடுத்துத் தோற்காதீர்கள், ஆறு வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடும். அதற்குப் பதிலாக, செஸ் என்றால் "நான் ராணி இல்லாமல் ஆடுகிறேன்" என்று ஆரம்பத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பாம்பு ஏணியை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் பத்து வரை எண் எழுதிய நேர்க்கோட்டுப் பலகையில் சில தடவை ஆடியதிலேயே பாலர் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணறிவு கூடியது. மூன்றாம் கட்டத்தில் நிற்கும் பிள்ளை இரண்டு கட்டம் போக வேண்டுமென்றால், "ஒன்று, இரண்டு" என்று எண்ணாமல் "நான்கு, ஐந்து" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். அதில்தான் கணக்கு இருக்கிறது.

தோற்றாலே அழுது தீர்க்கும் பிள்ளை இருந்தால் எல்லோரும் ஒரே கட்சியில் நின்று ஆடும் கூட்டுறவு ஆட்டங்களை முயலலாம். 2008-ல் வந்த பேண்டமிக் அந்த வகையில் பேர்பெற்றது. ஆனால் அதில் ஒரு வம்பு உண்டு. வீட்டின் அதிகாரி மற்ற மூவருக்கும் சேர்த்து ஆடிவிடுவார். எங்கள் அறையில் இதற்கு நான் எடுத்து வைப்பது ஹனாபி. உங்கள் சீட்டை நீங்கள் பார்க்கக் கூடாது, மற்றவர்கள் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். அவர்கள் தரும் குறிப்பை வைத்துத்தான் ஆட முடியும், குறிப்புகளும் எண்ணிக் கொடுக்கப்பட்டவை. கட்டளையிட்டே பழகியவர் பிள்ளையின் குறிப்புக்காகக் காத்திருக்கும் காட்சி, சரி, எனக்குக் கொஞ்சம் பிடிக்கும்தான்.

வீட்டிலிருக்கும் மோனோபோலி முடிவதே இல்லை என்பவர்கள் விதிப் புத்தகத்தை மறுபடி பாருங்கள். வந்து நின்றவர் வாங்க மறுத்தால் அந்த இடத்தை உடனே ஏலம் விட வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பல வீடுகளில் ஏலத்தை விட்டுவிட்டு, இலவச நிறுத்தம் (ஃப்ரீ பார்க்கிங்) என்ற கட்டத்தில் வந்து நிற்பவருக்குப் பணம் தரும் விதியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆட்டம் இழுக்க இதுவே ஒரு காரணம். அதேபோல யூனோ சீட்டாட்டத்தில், அடுத்தவரை இரண்டு சீட்டு எடுக்க வைக்கும் கூட்டல் இரண்டு சீட்டின் மேல் இன்னொரு கூட்டல் இரண்டை அடுக்குவதும் வீட்டு விதிதான். வீட்டு விதி தவறில்லை. சீட்டைக் கலைக்கும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

தாத்தா பாட்டியும் ஆடுவதென்றால் எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். கை நடுங்குபவருக்குச் சீட்டை நிறுத்தி வைக்கப் பள்ளம் வெட்டிய மரக்கட்டை போதும். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவர் வீட்டில் இருந்தால், நிறத்தோடு வடிவமும் மாறுபடும் காய்களாகத் தேடுங்கள்.

காய் தொலைந்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிப் போடுபவர்களும் உண்டு. என் அலமாரியில் உள்ள லூடோவில் ஒரு மஞ்சள் காய் போய் இரண்டு வருடமாகிறது. அதற்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்தேன். இப்போது வருகிற பிள்ளைகள் மஞ்சள் நிறம்தான் வேண்டும் என்று சண்டை போடுகிறார்கள், பொத்தான் அதில் இருப்பதால்.