ஷிம் என்றால் இடைச்செருகலா?

இயங்குதள மேம்படுத்தல் பற்றி யார் தமிழில் எழுதினாலும் ‘ஷிம்’ வரும் இடத்தில் ‘இடைச்செருகல்’ என்று போட்டுவிடுகிறார்கள். எங்கோ ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம், இப்போது அதுவே கலைச்சொல்லாக நிலைத்துவிடும் போலிருக்கிறது.

ஷிம் ஆங்கிலத்தில் பட்டறைச் சொல். இரண்டு பாகங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் சமப்படுத்த வைக்கும் மெல்லிய தகடு அல்லது மரச்சில்லு. மென்பொருளில், பழைய நிரல் புதிய இயங்குதளத்திலும் ஓடுவதற்காக நடுவில் வைக்கும் சிறு நிரல். அவ்வளவுதான்.

இடைச்செருகல் என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. மூலநூலுக்குள் பிற்காலத்தில் யாரோ பாட்டெழுதி நுழைத்தால் அது இடைச்செருகல். மூலப் பாட்டு போலவே தெரிய வேண்டும், யாரும் கண்டுபிடிக்கக் கூடாது, காலத்துக்கும் அங்கேயே கிடக்க வேண்டும். ஷிம் அப்படியா? அதுவும் பொய் சொல்லும், சரி. விண்டோஸ் 95 பழைய 16-பிட் நிரல்களிடம் தன் பதிப்பை 4.0 என்று சொல்லாமல் 3.95 என்றுதான் சொன்னது. ‘3.10 அல்லது மேல்’ என்று சோதிக்க வேண்டிய சில நிரல்கள் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண்ணைத் தனியாக எடுத்துப் பார்த்து, 0 என்பது 10-ஐ விடக் குறைவு, ஆகவே இது பழைய விண்டோஸ் என்று முடிவுகட்டிவிடும்! ஆனால் அந்தப் பொய் நிரலிடம் சொல்வது. வைத்தவருக்கு எங்கே, ஏன் வைத்தோம் என்று தெரியும், தெரிய வேண்டும்.

வேறு சிலர் ‘ஆப்பு’ என்கிறார்கள். ஆப்பு பிளக்கவும் உதவும், இறுக்கவும் உதவும், பொருள் அவ்வளவு தூரமில்லை. அதற்காக ‘இந்தப் பதிப்பில் பழைய பயனர்களுக்கு ஆப்பு வைத்திருக்கிறோம்’ என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதிப் பாருங்கள்.

நான் ‘முட்டு’ என்பேன். கான்கிரீட் தளம் இறுகும்வரை அடியில் முட்டுக் கொடுத்து, இறுகியதும் பிரித்துவிடுவார்கள். பிரிப்பது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இணையச் சண்டைகளில் ‘முட்டுக் கொடுக்கிறான்’ என்றால் தப்பை நியாயப்படுத்துகிறான் என்று பொருளாச்சே என்பீர்கள். இருக்கட்டுமே, அடுத்தவர் நிரலின் தப்பைத் தாங்குவதும் ஷிம்மின் வேலைதானே.

ஆப்பிள் 2006-இல் தன் மேக் கணினிகளில் இன்டெல் சில்லுக்கு மாறியபோது, அதற்கு முந்தைய பவர்பிசி சில்லுக்காக எழுதிய நிரல்களும் ஓடுவதற்கு ரொசெட்டா என்ற மொழிபெயர்ப்பு நிரலைக் கொடுத்தது, 2011-இல் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பில் எடுத்துவிட்டது. அது பெரிய முட்டு. நம் நிரலில் ‘பழைய பதிப்பானால் இப்படிச் செய்’ என்று எழுதும் இரண்டு வரி சின்ன முட்டு. பக்கத்திலேயே ‘முட்டு: பழைய பதிப்புக்கான ஆதரவை நிறுத்தும்போது எடுக்கவும்’ என்று குறிப்பு எழுதி வைத்தால், பிற்பாடு தேடி எடுப்பவருக்கு அந்த ஒரு சொல் போதும். ‘இடைச்செருகல்’ என்று எழுதினால் பாதிப் பேர் யாரோ வைரஸ் நுழைத்துவிட்டார்கள் என்று பயப்படுவார்கள்.

அப்புறம் இந்தப் ‘பின்னோக்கிய இணக்கத்தன்மை’. ‘பழையதோடு ஒத்துப்போவது’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? அகராதியைத் திறந்து ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒன்றைக் கட்டிவைப்பவர்கள், அந்த வாக்கியத்தை ஒரு தடவையாவது வாய்விட்டுப் படித்திருப்பார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது.