பருவகாலத்தில் சேவை ஏன் தடுமாறுகிறது: திருகோணமலை விடுதி, உணவக உரிமையாளர்களின் கவனத்துக்கு

உப்புவெளி, நிலாவெளிக் கரையோரங்களில் சிறு விடுதிகளையும் உணவகங்களையும் நடத்துவோருக்கு முகாமைத்துவ ஆலோசனை வழங்கும் பணியில் நான் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்றுண்டு: இன்றிரவு ஆளில்லாமல் கிடந்த அறையை எடுத்துவைத்து நாளைக்கு விற்க முடியாது, ஆகவே சுற்றுலாப் பருவமான மே முதல் செப்டெம்பர் வரை ஓர் அறையோ ஒரு பணியாளரோ சிறிது நேரமும் சும்மா இருக்கக் கூடாது. இதன் முதற்பாதி முற்றிலும் உண்மை. இரண்டாம் பாதிதான் ஆகஸ்ட் மாதத்தில் விருந்தினரின் முறைப்பாடாகவும் பணியாளரின் விலகலாகவும் வந்து நிற்கிறது.

12 அறைகள் உள்ள விடுதியொன்றை எடுத்துக்கொள்வோம். தங்கியவர்கள் முற்பகல் 11 மணிக்கு வெளியேறுவார்கள். புதியவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கு அறை கொடுக்க வேண்டும். கூட்டித் துடைத்து, குளியலறையைக் கழுவி, விரிப்பும் துவாயும் மாற்ற ஓர் அறைக்கு 45 நிமிடம் ஆகுமென்றால், இருவர் அந்த மூன்று மணி நேரத்தில் எட்டு அறைகளைத்தான் ஆயத்தப்படுத்த முடியும். போயா (முழுநிலா நாள்) விடுமுறை வார இறுதியோடு சேர்ந்து வந்து, எல்லா அறைகளும் ஒரே நாளில் காலியாகி நிரம்பும்போது, கடைசி அறை 3.30க்குத்தான் தயாராகும். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து அதிகாலையில் இறங்கிய குடும்பம் அதுவரை பயணப்பைகளோடு முன்கூடத்தில் உட்கார்ந்திருக்கும். உரிமையாளர் அவசரப்படுத்துவார், அந்த அவசரத்தில் குளியலறை வடிகாலில் சிக்கிய தலைமுடி கண்ணில் படாமல் போகும், அதை எடுக்க மீண்டும் போய்வரும் நேரம் அடுத்த அறையின் நேரத்திலிருந்து கழியும்.

குறை எப்போதும் ஆட்களில் இருப்பதில்லை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொடியில் போட்ட விரிப்பு விரைவில் காய்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் அறைக்கு இரண்டு சோடி மட்டும் வைத்திருப்பவர், சலவை இயந்திரம் ஒருநாள் பழுதானாலே தடுமாறிப்போகிறார். அங்கே மூன்றாவது சோடி வாங்குவது, இன்னொருவரை வேலைக்குச் சேர்ப்பதைவிட மிக மலிவான தீர்வாகும். வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்பதைப் பார்த்த பின்னரே பணத்தைச் செலவிட வேண்டும்.

வருகை முன்பின்னாக இருக்கும் இடங்களில் இந்த நெருக்கடி கணக்காகவே தெரியும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏர்லாங் 1909இல் தொடங்கிவைத்த, காத்திருப்பைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின்படி, ஒருவர் மட்டுமே சேவை வழங்கும் இடத்தில், வருகையும் வேலை நேரமும் ஒழுங்கற்றிருந்து, ஒரு வேலைக்குச் சராசரி 10 நிமிடம் எடுத்தால், அவருடைய நேரத்தில் பாதி நிரம்பியிருக்கும்போது சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம். 80 சதவீதம் நிரம்பினால் 40 நிமிடம். 90 சதவீதம் நிரம்பினால் 90 நிமிடம். கடைசிப் பத்துச் சதவீத வேலைக்காக மற்ற எல்லா வாடிக்கையாளரையும் இரு மடங்குக்கு மேல் காக்க வைக்கிறோம். ஓய்வாக இருப்பதுபோலத் தெரியும் அந்தச் சிறு இடைவெளியை வீண் என்று கருதி அறுத்துவிடாதீர்கள் என்று நான் மன்றாடிச் சொல்வது இதனால்தான்.

உணவகத்துக்கு இன்னும் எளிய கணக்கு உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் லிட்டில் 1961இல் நிறுவிய விதி, உள்ளே இருப்போரின் சராசரி எண்ணிக்கை வருகை வீதத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்கிறது. மதியத்தில் மணிக்கு 40 பேர் வந்து ஒவ்வொருவரும் 45 நிமிடம் இருந்தால் சராசரி 30 கதிரைகள் நிரம்பியிருக்கும். அதே கூட்டம் 30 நிமிடத்தில் எழுந்தால் 20 கதிரைகள்தான் நிரம்பும். சாப்பிடுபவரை விரட்ட வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்தவர் பில்லுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தாலே பெரும்பகுதி மிச்சமாகும். பக்கத்துக் காணியை வாடகைக்கு எடுக்க யோசிப்பவர்கள் முதலில் இதை அளந்து பார்க்கட்டும்.

விடுதிக்காரர் முன்பதிவு உறுதியாகும்போதே வந்துசேரும் நேரத்தைக் கேட்டுக் குறித்துவைத்தால், அதிகாலையில் வருவோருக்குரிய அறையை முதலில் துப்புரவு செய்யலாம். அது முடியாத நாளில் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே உண்மையாகச் சொல்லலாம். நவம்பர் முதல் ஜனவரி வரையான கடும் மழைக் காலத்தில் ஆட்களை நிறுத்திவிடாமல், வரவேற்பில் இருப்பவருக்கு அறை ஆயத்தப்படுத்தவும், துப்புரவு செய்பவருக்குப் பதிவேடு எழுதவும் பழக்கிவைத்தால், அடுத்த பருவத்தின் நெரிசலான அந்த மூன்று மணி நேரத்துக்கு மூன்றாவது சோடிக் கைகள் விடுதிக்குள்ளேயே இருக்கும்.