கலப்பெருக்கம்: "செல் புரோலிபரேஷன்" எண்டா என்ன?

கான்சர் மருந்து ஆராய்ச்சியளைப் பற்றி வாசிக்கேக்கை "செல் புரோலிபரேஷன்" எண்ட சொல் அடிக்கடி வரும், கனபேர் அதைத் தமிழிலை "கல வளர்ச்சி" எண்டு எழுதிப்போட்டுப் போகினம், அது சரியில்லை. ஒரு கலம் பருத்துப் பெரிசாகிறதும் வளர்ச்சிதான், ஆனா இஞ்சை சொல்ல வாறது கலம் ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு நாலாகி எண்ணிக்கை கூடுறதை. லத்தீனிலை "புரோலெஸ்" எண்டா பிள்ளையள், "பெர்ரே" எண்டா சுமக்கிறது, அந்த ரெண்டும் சேந்து பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. நாங்கள் ஏற்கெனவே இனப்பெருக்கம் எண்டு சொல்லுறம்தானே, அதாலை கலப்பெருக்கம் எண்டுறதுதான் பொருத்தம். தமிழ்நாட்டிலை செல் பெருக்கம், உயிரணுப் பெருக்கம் எண்டுவினம், அதுவும் சரிதான், ஆனா இழையம் (திசு), இழையுருப்பிரிவு (மைட்டோசிஸ்) எண்டு பள்ளிக்கூடத்திலை படிச்ச எங்கடை ஆக்களுக்குக் கலப்பெருக்கம்தான் உடனை விளங்கும்.

பெருங்குடலிலை இதை அளக்கிறதுக்கு நல்ல காரணம் இருக்கு. குடலின்ரை உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழியள், சின்னச் சின்னக் கிணறு மாதிரி. அடியிலை மூலக்கலங்கள் (ஸ்டெம் செல்) இருந்து பிரிஞ்சுகொண்டே இருக்கும், பிறந்த கலங்கள் மேலை ஏறி நாலைஞ்சு நாளிலை உதிந்து போடும். நல்ல குடலிலை பிரிவு கீழ்ப்பகுதியோடை நிக்கும், புற்றுநோய்ப் பக்கம் திரும்பின இழையத்திலை அது மேலையும் பரவும், அதாலை எத்தினை கலம் பிரியுது எண்டதோடை எந்த இடத்திலை பிரியுது எண்டதையும் பாக்கவேணும்.

ஆய்வுகூடத்திலை எலியளுக்கு அசொக்சிமீதேன் எண்ட புற்றுநோய் வரப்பண்ணுற இரசாயனத்தைக் குடுத்துக் குடல் கட்டியளை உண்டாக்கி, ஒரு பகுதிக்குப் புது மருந்தைக் குடுத்து மற்றதுக்குக் குடுக்காமல் விட்டு, கடைசியிலை புரோமோடீஒக்சியூரிடின் எண்ட அடையாளப் பொருளை ஊசியாலை ஏத்துவினம். டிஎன்ஏ பிரதியாகேக்கை அதின்ரை ஒரு கூறான தைமிடினுக்குப் பதிலா அது போய் இருந்திடும், பிறகு சாயம் போட்டா அந்தக் கலங்கள் தெரியும், நூறு கலத்துக்கு எத்தினை எண்டு எண்ணுறதுதான் "லேபலிங் இன்டெக்ஸ்", தமிழிலை குறியிடற் சுட்டி எண்டு சொல்லலாம். மற்ற வழி பிரியுற கலங்களிலை இருக்கிற கேஐ-67 எண்ட புரதத்தைப் பாக்கிறது, இதுக்கு ஊசி தேவையில்லை, அதாலை மனிசரின்ரை பயொப்சியிலையும் பாக்கலாம், மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டிலை வாற கேஐ-67 வீதமும் இதுதான். 1983லை ஜெர்மனியின்ரை கீல் நகரத்திலை கண்டுபிடிச்சபடியால் அந்தப் பேரின்ரை முதல் ரெண்டு ஆங்கில எழுத்து "கேஐ" (Ki), 67 எண்டது இதைக் காட்டின பிறபொருளெதிரியை (அன்டிபொடி) உண்டாக்கின குளோனின்ரை, அதாவது ஒரே கலத்திலை இருந்து வந்த கலக் கூட்டத்தின்ரை, இலக்கம். ஓய்வா இருக்கிற கலத்திலை இது இராது, ஆனா பிரியுற கலம் எவ்வளவு வேகமாப் பிரியுது எண்டு இது சொல்லாது.

பெருக்கம் குறைஞ்சுது எண்டா கலம் செத்துப்போச்சு எண்டு எடுக்கக்கூடாது, கல இறப்பை வேறையா அளக்கவேணும். நல்ல இழையத்தையும் பக்கத்திலை வைச்சுப் பாக்கவேணும், ஏனெண்டா 5-புளோரோயுராசில் மாதிரிப் புற்றுநோய் மருந்துகள் கட்டியோடை சேத்து நல்ல குடலிலையும் வாயிலையும் நடக்கிற கலப்பெருக்கத்தையும் அடக்கும், கீமோ எடுக்கிற ஆக்களுக்கு வயித்தோட்டமும் வாய்ப்புண்ணும் வாறது அதாலைதான்.