இடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் போகிறது?

உறவினர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருந்தேன். வார்டுக்கு வெளியே நடைபாதையில் பழைய டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பிய தூசியை ஒரு அம்மா துடைப்பத்தால் கூட்டிக்கொண்டே வந்தார். தன் வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். அந்த இடத்தில் துடைப்பம் எடுப்பதே ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சிமெண்ட் தூசி இருமலைத் தரும். அதோடு சேர்ந்து கிளம்பும் பூஞ்சை வித்துகள் சிலரின் உயிரையே எடுத்துவிடும். முக்கியமானது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. மண்ணிலும் மக்கும் இலையிலும் வாழும் சாதாரணப் பூஞ்சைதான். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஆண்டுக்கணக்காகப் படிந்த தூசியில் இதன் வித்துகள் உயிரோடு கிடக்கும். நாம் எல்லோருமே தினமும் இவற்றைச் சுவாசிக்கிறோம். நுரையீரலில் உள்ள காவல் அணுக்கள் விழுங்கிவிடுகின்றன. ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவருக்கும், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவருக்கும் அந்தக் காவல் மிகவும் குறைந்துபோயிருக்கும். அவர்கள் நுரையீரலில் வித்து முளைத்து, இழை விட்டு, ரத்தக்குழாயைத் துளைத்துக்கொண்டு போகும். மருந்து கொடுத்தும் பலரைக் காப்பாற்ற முடிவதில்லை.

ஒரு வித்தின் அகலம் 2 முதல் 3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அசையாத காற்றிலேயே அது ஒரு மீட்டர் கீழே இறங்க ஒரு மணி நேரம் ஆகும். மருத்துவமனைக் காற்று என்றைக்கு அசையாமல் இருந்தது? கதவு திறக்கிறது, ஸ்ட்ரெச்சர் போகிறது, லிஃப்ட் ஏறி இறங்குகிறது. மூன்றாவது மாடியில் கிளம்பிய வித்து லிஃப்ட் கிணறு வழியாக ஐந்தாவது மாடி வார்டுக்குப் போய்விடும். படிந்ததையும் துடைப்பம் மறுபடி கிளப்பிவிடும்.

அதனால் முதல் வேலை, காற்றுக்கு வழி காட்டுவது. வேலை நடக்கும் பகுதியைத் தரையிலிருந்து மேல்தளம் வரை அடைக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கோடு தடுப்பை நிறுத்தினால் பயனில்லை, அதற்கு மேலேயும் காற்று ஓடும். உள்ளே இருக்கும் ஏசி துவாரங்களையும் மூட வேண்டும். எவ்வளவு ஒட்டினாலும் எங்கேயாவது இடுக்கு இருக்கும். அங்கேதான் அழுத்தம் கை கொடுக்கிறது. உள்ளிருந்து ஒரு விசிறி காற்றை இழுத்து வடிகட்டி வெளியேற்றிக்கொண்டே இருந்தால், உள்ளே அழுத்தம் குறையும். அப்புறம் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையுமே தவிர, தூசி வெளியே வராது. இதற்குத் தேவையான வேறுபாடு 2.5 பாஸ்கல் போதும், கால் மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் எடைதான் அது. கதவிடுக்கில் ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைத் தொங்கவிட்டாலே தெரிந்துவிடும்: அது உள்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நோய் எதிர்ப்பு குறைந்தவர்களின் அறையில் இதற்கு நேர்மாறாக, உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைப்பார்கள்.

அந்த விசிறியில் இருப்பது ஹெப்பா வடிகட்டி. இதைச் சல்லடை என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணாடி இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும் தாள் அது. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பல துகள்களைவிடப் பெரியது. பெரிய துகளால் காற்றோடு வளைந்து திரும்ப முடியாது, நேரே போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறிய துகளைக் காற்றின் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளாட வைக்கும். அதுவும் அலைந்து அலைந்து ஏதாவது ஓர் இழையில் சிக்கும். இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கும் 0.3 மைக்ரான் அளவுதான் தப்பிக்கக் கொஞ்சம் வாய்ப்புள்ளது. அதனால்தான் அந்த அளவை வைத்தே சோதிக்கிறார்கள், அதிலும் 99.97 சதவீதம் பிடிபட வேண்டும். அதைவிடப் பல மடங்கு பெரிய பூஞ்சை வித்து தப்புவது அரிது. ஆனால் வடிகட்டியைப் பொருத்தியிருக்கும் சட்டத்தின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் இத்தனையும் வீண்.

மற்றதெல்லாம் பழக்கம் சார்ந்தவை. உடைக்கும் முன் தண்ணீர் தெளிப்பது, இடிபாட்டை மூடிய வண்டியில் எடுத்துப்போவது, வாசலில் ஒட்டும் பாய் போடுவது, துடைப்பத்துக்குப் பதில் ஈர மாப்பும் ஹெப்பா வடிகட்டி கொண்ட வேக்குவமும் பயன்படுத்துவது. ஜிப்சம் பலகை நனைந்தால் 48 மணி நேரத்துக்குள் காய வேண்டும், இல்லையென்றால் பிய்த்துப் போட வேண்டும். வேலைக்காக மூடிவைத்த குழாய்களில் தேங்கிய தண்ணீரில், நிமோனியாவைத் தரும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். நோயாளி குளிப்பதற்கு முன்பே அந்தக் குழாய்களைத் திறந்து தண்ணீரை ஓட விட வேண்டும்.

சரி, வேலை முடிந்தது. பெயிண்ட் காய்ந்ததும் தடுப்பைக் கிழித்து எறியத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அந்த பிளாஸ்டிக் ஷீட்டின் உள்பக்கம் முழுக்க வித்துகள் ஒட்டியிருக்கும். உள்ளே எல்லாவற்றையும் துடைத்து முடிக்கும்வரை விசிறி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகே, ஷீட்டை ஈரத்துணியால் துடைத்து, தூசிப் பக்கம் உள்ளே மடங்கும்படி மெதுவாகச் சுருட்டி எடுக்க வேண்டும்.