சர்வர் எழுந்துவிட்டது என்பதால் அமைப்பு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்

2024 ஆகஸ்டில் அமேசான் தனது மேகக் கணினித் தளத்தை மலேசியாவிலேயே திறந்த பிறகு, செலவைக் குறைப்பதற்காக உபுண்டு இயங்குதளத்தை விட்டு, அதைவிடச் சிறிய ஆல்பைன் லினக்ஸுக்கு மாறும் சிறு நிறுவனங்களைக் கோலாலம்பூரில் அடிக்கடி பார்க்கிறேன். மாறுவதில் தவறில்லை. ஆனால் சர்வர் முதன்முறை எழும்போது தானாக ஓட வேண்டிய கட்டளைகள் கொண்ட பழைய யூசர்-டேட்டா ஸ்கிரிப்டை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒட்டிவிட்டு, திரையில் பச்சை விளக்கு எரிந்ததும் வேலை முடிந்ததென்று வீட்டுக்குப் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சென்ற வாரம் பங்சாரில் ஒரு வாடிக்கையாளரின் சர்வரைத் திறந்து பார்த்தேன். ஃபயர்வாலை இயக்க வேண்டிய ஸ்கிரிப்ட் ஒருமுறைகூட ஓடவில்லை. தரவுத்தளத்தின் போர்ட் (இணைப்பு வாசல்) உலகத்துக்கே திறந்து கிடந்தது. ஸ்கிரிப்டின் முதல் வரி, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்களில் ஒன்றான பாஷைக் கேட்டது. ஆல்பைனில் பிசிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பின் ஆஷ் ஷெல்தான் இயல்பாக இருக்கும். அந்த ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பையே 'காணவில்லை' என்று சொல்லும். உண்மையில் காணாமற்போனது கோப்பல்ல, முதல் வரி கேட்ட பாஷ். விண்டோஸில் எழுதிய கோப்பின் வரி முடிவுக் குறியும் இதே பிழையைத் தரும் என்பதால், பலர் தவறான இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சர்வர் முதன்முறை எழும்போது அதை அமைத்துத் தரும் கருவி உபுண்டுவில் கிளவுட்-இனிட், ஆல்பைனில் பொதுவாக டைனி கிளவுட். டைனி கிளவுட் என்பது கிளவுட்-இனிட்டின் சின்னப் பதிப்பு என்ற நம்பிக்கை எப்படிப் பரவியதோ தெரியவில்லை. கிளவுட்-இனிட் பைதானில் எழுதப்பட்ட பெரிய கருவி. டைனி கிளவுட் ஷெல் ஸ்கிரிப்டுகளின் சிறு தொகுப்பு. மெட்டாடேட்டாவை (சர்வரைப் பற்றி மேகத் தளம் தரும் விவரங்களை) எடுப்பது, வட்டின் பகுதியை விரிப்பது, சர்வரின் பெயரை வைப்பது, தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவியைப் பதிப்பது, யூசர்-டேட்டா ஸ்கிரிப்டை ஓட்டுவது ஆகியவையே அதன் அடிப்படைப் பணிகள். கிளவுட்-இனிட்டுக்கென யாமல் வடிவில் எழுதிய அமைப்புக் கோப்பின் எல்லாக் கட்டளைகளையும் அது நிறைவேற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். அனைத்தும் வேண்டுமானால் ஆல்பைனிலேயே கிளவுட்-இனிட்டை நிறுவலாம். பைதானின் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே ஸ்கிரிப்டைச் சாதாரண ஷெல்லுக்கு எழுதுங்கள். மென்பொருள் நிறுவ உபுண்டுவின் ஏபிடி இல்லை, ஏபிகே. சேவைகளை நிர்வகிக்க சிஸ்டம்டி இல்லை, ஓபன்ஆர்சி. சேவையைத் தொடக்கினால் மட்டும் போதாது, அடுத்த பூட்டிலும் எழும்படி பதிவு செய்யவும் வேண்டும். ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும். கடைசி வரி கன்சோல் பதிவில் ஓர் அடையாளம் எழுதட்டும்.

கடவுச்சொல்லை யூசர்-டேட்டாவில் தயவுசெய்து வைக்காதீர்கள். மெட்டாடேட்டா கிடைக்கும் 169.254.169.254 என்ற முகவரியைச் சர்வருக்குள் இருந்து அணுகக்கூடிய எந்த நிரலும் அதைப் படித்துவிடலாம்.

முடிவில், நீங்கள் அமைத்த சோதனைச் சர்வரை அழித்துவிட்டு அதே யூசர்-டேட்டாவோடு புதிதாக ஒன்றை எழுப்பி, எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது என்று வெளியிலிருந்து சோதித்த பிறகே வாடிக்கையாளரிடம் ஒப்படையுங்கள்.