நல்ல தண்ணீருக்கு எதிர்ச்சொல் உப்புத் தண்ணீர்

மாலை ஐந்து மணிச் சிறப்பு வகுப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர். "நல்ல என்பதற்கு எதிர்ச்சொல் என்ன?" என்று கேட்டேன். முன்வரிசை மொத்தமும் "கெட்ட" என்று கத்தியது. பின்னாலிருந்து ஒருவன் மட்டும், "உப்பு, டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை. எங்கள் பள்ளி இருப்பது கடலோர ஊர். இங்கே தெருக்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்க லாரியில் வருவது நல்ல தண்ணீர். அந்தப் பையன் பள்ளிக்கு வரும் முன் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு வருபவன். அவன் வாயில் 'நல்ல' என்ற சொல் அதிகம் புழங்குவது தண்ணீரோடுதான். அவன் சொன்ன விடை தவறில்லை, நான் கேட்ட கேள்விதான் அரைகுறை. எதற்கு 'நல்ல' என்று நான் சொல்லவே இல்லை.

பதினான்கு வருடமாக என்எம்எம்எஸ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். முதல் இரண்டு சொல்லுக்கும் உள்ள உறவைப் பார்த்து, மூன்றாவது சொல்லுக்கு அதே உறவுள்ள நான்காவது சொல்லைக் கண்டுபிடிப்பதுதான் ஒப்புமைக் கேள்வி. எதிர்ச்சொல் ஒப்புமைக் கேள்விகளில் பிள்ளைகள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகமே கிடையாது. எதிர்ச்சொல் தெரியாமல் சறுக்குபவர்கள் கொஞ்சம்தான். ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு எதிர்ச்சொல் என்று மனப்பாடம் செய்துவிட்டு வந்து சறுக்குபவர்கள்தான் அதிகம்.

தேர்வைப் பற்றித் தெரியாத பெற்றோருக்காக இரண்டு வரி. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டம் என்பது இதன் முழுப்பெயர். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கான இடங்கள் 6,695. மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். ஆக, ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். ஒப்புமைக் கேள்வி வருவது மனத்திறன் பகுதியில். ஒரு நிமிடம் முழுதாகத் தேவைப்படாத கேள்வி அது. அதில் மிச்சம் பிடிக்கும் நொடிகள் எண் தொடருக்கும் மறைந்திருக்கும் உருவத்துக்கும் உதவும்.

இனி ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இது நானே போட்டது, ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்தில் கரும்பலகையில் எழுதுவேன்.

கட்டு : இடி :: நடு : ?

விடைகள்: ஓரம், மரம், பிடுங்கு, விதை.

பாதி வகுப்பு 'ஓரம்' என்று சொல்லிவிடும். நடுவுக்கு எதிர்ச்சொல் ஓரம், மனப்பாடம். கொஞ்சம் பேர் 'மரம்' என்பார்கள், நடு என்றதும் மரம் நடுவதுதான் ஞாபகத்துக்கு வரும். தயங்கித் தயங்கி ஒன்றிரண்டு பேர் 'பிடுங்கு' என்பார்கள்.

முதல் இணையைப் பாருங்கள். 'கட்டு' தனியாக நின்றால் விறகுக் கட்டாக இருக்கலாம், காயத்துக்குப் போட்ட கட்டாக இருக்கலாம். 'இடி' தனியாக நின்றால் மழைக்கு முன் வானத்தில் இடிப்பது. இரண்டையும் அக்கம் பக்கமாக வைத்ததும் மற்ற அர்த்தங்கள் எல்லாம் உதிர்ந்து, வீட்டைக் கட்டுவதும் வீட்டை இடிப்பதும் மட்டும் மிஞ்சுகின்றன. இரண்டும் செயல். முதலாவது செய்ததை இரண்டாவது இல்லாமல் ஆக்குகிறது. அப்படியென்றால் 'நடு'வும் செயலாகத்தான் இருக்க வேண்டும். நட்டதை இல்லாமல் ஆக்குவது எது? பிடுங்குவது.

இதைத்தான் பிள்ளைகளிடம் ஒரே வேலையாகச் சொல்கிறேன். விடைகளைக் கையால் மறைத்துக்கொள். முதல் இரண்டு சொல்லையும் வைத்து வாய்க்குள் ஒரு வாக்கியம் சொல். "கட்டியதை இடிக்கலாம்." அதே வாக்கியத்தில் மூன்றாவது சொல்லைப் போடு. "நட்டதை..." என்று இழுக்கும்போதே விடை வந்து நிற்கும். அதற்குப் பிறகு கையை எடு. வந்து நிற்கும் சொல் நான்கில் இல்லாவிட்டால் உன் வாக்கியத்தில்தான் ஏதோ கோளாறு, வேறு வாக்கியம் சொல்லிப் பார்.

கேட்கும்போது சின்ன விஷயம். பழக ஒரு மாதம் பிடிக்கிறது. கண் முதலில் விடைகளுக்குத்தான் ஓடும். தேர்வு அறையில் பதற்றம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி தயாரிப்பவருக்கும் இந்தப் பலவீனம் தெரியும். அதனால் நான்கு விடைகளில் ஒன்று, எதிர்ச்சொல்லாக இல்லாமல் கூடவே திரியும் சொல்லாக இருக்கும். 'திற : மூடு :: பூட்டு : ?' என்று கேட்டுவிட்டு விடைகளில் 'சாவி'யைப் போட்டால் பத்துப் பேராவது விழுவார்கள். பூட்டும் சாவியும் சேர்ந்தே இருப்பவை, எதிரானவை அல்ல. ஆசிரியர் மாணவர், ஊசி நூல், கணவன் மனைவி எல்லாம் இந்த வகைதான். (கணவனும் மனைவியும் எதிர்ச்சொல்தான் என்று வருடா வருடம் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் வேடிக்கையாகச் சொல்வார். விவாதத்துக்குப் போவதில்லை.)

ஒரு வருடம் 'மெய் : பொய் :: அசல் : ?' என்ற கேள்விக்கு ஒரு பெண் 'வட்டி' என்று எழுதியிருந்தாள். விடைகளில் 'நகல்' இருந்தது. அவள் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி மாதாமாதம் கட்டுகிறவர். அந்த வீட்டில் அசல் என்றாலே வட்டிதான் கூட வரும். "மெய் இல்லாதது பொய். அசல் இல்லாதது?" என்று கேட்டேன். "வட்டின்னுதான் டீச்சர் அம்மா சொல்வாங்க, இது அசல்ல கழியாதாம்" என்றாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் வட்டி பொய்யான அசல் ஆகாது என்று இருவரும் பேசிப் பேசி முடிவுக்கு வர ஐந்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அவள் அந்த வகைக் கேள்வியில் தவறவில்லை.

இன்னொரு குழி, சொல்லின் வடிவம். 'வெற்றி : தோல்வி :: உயர்வு : ?' என்ற கேள்விக்குத் தாழ்ந்த, தாழ்வு, தாழ், உயரம் என்று விடை கொடுத்தால், அவசரத்தில் முதலில் கண்ணில் பட்ட 'தாழ்ந்த'வைக் கறுப்பாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால் இதுவும் தானாக உறுத்தும்.

தமிழுக்கே உரிய குழி எழுத்துப் பிழை. வன்மைக்கு எதிர் மென்மை. வண்மைக்கு எதிர் கஞ்சத்தனம், ஏனென்றால் வண்மை என்றால் வாரிக் கொடுக்கும் குணம். உச்சரிப்பில் ண, ன வேறுபாடு தொலைந்துபோன வாய்களுக்கு இரண்டும் ஒன்றே. ஒலி, ஒளி விஷயமும் அப்படித்தான். ஒலிக்கு எதிராக இருளை எழுதுகிற பிள்ளைக்கு எதிர்ச்சொல் தெரிகிறது, லகர ளகரம் தெரியவில்லை. அதற்கு மருந்து மனத்திறன் வகுப்பில் இல்லை, சத்தமாக வாசிக்க வைப்பதில் இருக்கிறது.

முன்னால் 'அ' சேர்த்தால் எதிர்ச்சொல் என்ற சூத்திரத்தையும் சில டியூஷன்களில் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்கள். நீதி அநீதி, நியாயம் அநியாயம், சைவம் அசைவம் வரை சரி. அதே கையோடு 'அபூர்வம்' என்ற சொல்லில் 'அ'வை வெட்டிவிட்டுப் 'பூர்வம்' என்று எழுதுகிறான். பூர்வீக வீட்டுக்கும் அபூர்வமான பொருளுக்கும் என்ன பகை?

கைடு புத்தகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேர்வு நெருங்கும்போது கடைகளில் குவியும் மாதிரி வினாத்தாள்கள் எல்லாம் நம்பத்தக்கவை அல்ல. ஒன்றில் 'ஒளி : கனம்' என்ற இணையைப் பார்த்து அரை மணி நேரம் குழம்பினேன். பிறகுதான் உறைத்தது. ஆங்கிலத்தில் லைட், ஹெவி என்று இருந்ததை யாரோ அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். லைட் என்றால் இலேசு என்றும் ஒரு பொருள் உண்டு என்பது மொழிபெயர்த்தவருக்குத் தோன்றவில்லை. பிள்ளை அந்தக் கேள்வியைத் தப்பாகப் போட்டுவிட்டு, தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெற்றோர் கைடு வாங்கித் தருவது தவறில்லை. ஆனால் பின்பக்க விடையோடு பிள்ளையின் விடை ஒத்துப்போகவில்லை என்றால் உடனே திட்டாதீர்கள், ஏன் அப்படிப் போட்டாய் என்று ஒரு முறை கேளுங்கள்.

'எளிமை' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய வாழ்க்கைக்கு எதிர் ஆடம்பரம். எளிய கணக்குக்கு எதிர் கடினம். பழைய செய்யுளில் எளிமைக்கு எதிர் அருமை. இன்றைக்கு அருமை என்றால் பாராட்டு, அன்றைக்கு அது கிடைக்காத தன்மை, முடியாத தன்மை. அரசு வேலைக்காக டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதும் அண்ணன் அக்காக்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே பொதுத்தமிழில் 100 கேள்வி, 150 மதிப்பெண், அதில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

நன்னூலில் செம்மை, சிறுமை, சேய்மை, தீமை என்று தொடங்கிப் பண்புச் சொற்களை அடுக்கும் நூற்பா ஒன்று இருக்கிறது. பதினொன்றைச் சொல்லிவிட்டு, அவற்றின் எதிர்ச்சொற்களை வரிசையாகச் சொல்லாமல் 'இவற்றெதிர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார் பவணந்தி முனிவர். படிப்பவனே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டது போலிருக்கும். அந்தப் பட்டியலில் 'உண்மை' உண்டு. நாம் பொய் என்போம். உரைகாரர்கள் 'இன்மை' என்கிறார்கள், காரணம் அங்கே உண்மை என்றால் உள்ளதாக இருக்கும் தன்மை. எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள், ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

பிள்ளைகளுக்கு நான் எடுப்பது நூறாவது குறள். 'இனிய உளவாக இன்னாத கூறல் கனியிருப்பக் காய்கவர்ந் தற்று.' இதைக் கரும்பலகையில் இப்படி எழுதுவேன்: இனிய : இன்னாத :: கனி : காய். அப்படியே தேர்வுக் கேள்வி! கனிக்கு எதிர்ச்சொல் காய் என்று எந்தக் கைடிலும் இருக்காது. கடையில் கனியும் காயும் எதிரிகள் அல்ல. இன்றைய காய் நாளைய கனி. ஆனால் இரண்டும் ஒரே கிளையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒருவன் கனியை விட்டுவிட்டுக் காயைப் பறிக்கிறான் என்ற காட்சிக்குள் வந்ததும் அவை எதிராகிவிடுகின்றன. முதல் இணை சொல்லும் உறவுதான் இரண்டாவது இணையை எதிராக்குகிறது.

சூடு, குளிர் போன்ற இணைகளுக்கும் ஒற்றை, இரட்டை போன்ற இணைகளுக்கும் உள்ள வேறுபாடு மேல் வகுப்புத் தேர்வுகளில் வரும். சூடாக இல்லை என்பதாலேயே குளிர்ந்துவிடாது, நடுவில் வெதுவெதுப்பு இருக்கிறது. ஒற்றைப்படை இல்லாத முழு எண் இரட்டைப்படைதான், நடுவில் எதுவும் இல்லை. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

விடை சுத்தமாகத் தெரியாவிட்டாலும் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம் என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். என்எம்எம்எஸ் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை.

போன வாரம் 'பச்சை' என்ற சொல்லை வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். எத்தனை எதிர்ச்சொல் கிடைக்கிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். பச்சரிசிக்குப் புழுங்கலரிசி, பச்சை மிளகாய்க்குக் காய்ந்த மிளகாய், பச்சைத் தண்ணீருக்கு வெந்நீர், பச்சை மட்டைக்குக் காய்ந்த மட்டை என்று நோட்டு நிறைய வந்தது. 'உப்பு' என்று சொன்ன பையன், பச்சைச் செங்கலுக்குச் சுட்ட செங்கல் என்று எழுதியிருந்தான். அவன் அப்பா சூளையில் வேலை பார்த்தவராம். ஒரு பெண் மட்டும் எழுந்து, "எங்க அப்பத்தா பச்சை உடம்புன்னு சொன்னாங்க டீச்சர், சித்திக்குப் பாப்பா பிறந்திருக்கு" என்றாள். அதற்கு எதிர்ச்சொல் என்னவாம் என்று கேட்டேன்.

"தேறின உடம்பாம். அதுக்கு இன்னும் மூணு மாசம் ஆகுமாம்."